உஷார்! பழைய டர்ன்டேபிளின் பிளக்கைத் தொடும் முன்

பழைய டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள் ஒன்று வீட்டுக்கு வந்திருக்கிறதா? பிளக் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். முதலில் பெட்டியின் முதுகில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். ‘ஏசி 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்றிருந்தால் அது ஜப்பான்காரர்கள் தங்கள் வீட்டுக்காகச் செய்துகொண்ட பெட்டி. நம் சுவரில் வருவது 230 வோல்ட். அப்படியே செருகினால் தாங்கக்கூடியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் மின்னழுத்தம் பாயும். கண்டென்சர் வெடிக்கும், ஐசி கருகும், டிரான்ஸ்ஃபார்மர் புகையும். ஃபியூஸ் காப்பாற்றிவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். அது போவதற்குள் போகக்கூடாதது போயிருக்கும்.

இதில் பெரிய கண்ணி, கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பின் அடாப்டர். தட்டைப் பின்னை நம் ஊர் உருண்டை ஓட்டையில் நுழைய வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஒரு வோல்ட்டைக்கூட அது குறைக்காது. வெளிநாட்டுப் பயணத்துக்கென்று விற்கும் கைக்கடக்கமான ‘வோல்டேஜ் கன்வர்ட்டர்’களும் ஆகாது. அவற்றில் பல, தலைமுடி உலர்த்தி மாதிரியான சூடேறும் சாமான்களுக்காகச் செய்தவை. மின்னலையை வெட்டி வெட்டி அனுப்பும். எலக்ட்ரானிக்ஸுக்கு அது விஷம்.

வேண்டியது ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் பெரும்பாலும் 110 வோல்ட் வருவதைத்தான் எடுத்துத் தருவார்கள். அமெரிக்கச் சாமானுக்கு அது போதும். ஜப்பான் பெட்டிக்கு 100 வோல்ட் வருவதைக் கேட்டு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் சுற்றித் தரச் சொல்லுங்கள். இரவில் நம் லைன் 250-ஐத் தொட்டால் 110 என்பது 120 ஆகிவிடும். டர்ன்டேபிள் இழுக்கும் மின்சாரம் சொற்பம்தான், நூறு விஏ இருந்தால் தாராளம். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், இரண்டு சுற்றும் தனித்தனியாக உள்ள ஐசொலேஷன் வகையாக இருக்கட்டும். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த ஏற்றுமதி மாடல் என்றால் சிலவற்றில் சுழல்தட்டைத் தூக்கியதும் அடியில் வோல்டேஜ் தேர்வுத் திருகு தெரியும். முந்தைய சொந்தக்காரர் அதை 120-இல் விட்டிருக்கலாம். கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். தட்டைத் தூக்கும்போது மின்சாரம் இருக்கக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

இவ்வளவு பதற்றம் எதற்கு என்றால், இந்த வகைப் பெட்டிக்கு ‘சாகாவரம் பெற்றது’ என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர்தான் ஆளைக் கவிழ்க்கிறது. ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனத்தில் ஷுய்ச்சி ஒபாட்டா என்ற பொறியாளர் தலைமையில் உருவாகி 1970-இல் விற்பனைக்கு வந்த டெக்னிக்ஸ் எஸ்பி-10, மோட்டாரையே தட்டுக்கு அச்சாக்கியது. பெல்ட் இல்லை, ரப்பர் சக்கரம் இல்லை. 1972-இல் எஸ்எல்-1200 வந்தது. 1979-இல் குவார்ட்ஸ் கட்டுப்பாட்டோடு அதன் மார்க் 2 வந்தது. 2010-இல் உற்பத்தியை நிறுத்திய கம்பெனி, ரசிகர்கள் விடாததால் 2016-இல் மறுபடி தொடங்கியது. மோட்டார் சாகாது என்பது மெய்தான். அந்த மோட்டாருக்கு எவ்வளவு வேகம் என்று உத்தரவு போடும் சர்க்யூட் போர்டுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டதே! எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் உள்ளுக்குள் காய்ந்திருக்கும். ஐரோப்பியப் பெட்டிகளில், குறிப்பாக டூயல் கம்பெனியின் 1970கள் மாடல்களில், பவர் சுவிட்சை ஒட்டி ஒரு பொறியடக்கும் கண்டென்சர் இருக்கும். அது பட்டென்று வெடித்துக் கூடம் முழுக்கப் புகை கிளப்புவதில் பேர்போனது. மாற்றும்போது எக்ஸ்2 என்று பாதுகாப்பு முத்திரை உள்ளதைத்தான் போட வேண்டும், கையில் கிடைத்ததை அல்ல.

ஆகவே முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது, எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் லாம்ப் போர்டு வழியாகக் கொடுங்கள். பழைய குண்டு பல்ப், 60 வாட். எல்இடி உதவாது. பல்ப் ஒரு மின்னு மின்னி மங்கினால் சரி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள்.

மின்சாரம் போக, கடலோரக் கல்பாக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு எதிரி இருக்கிறது. கடல். சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம், டவுன்ஷிப் எங்கே இருந்தாலும் உப்புக்காற்று ஜன்னல் கம்பியை என்ன செய்கிறது என்று பார்த்திருப்பீர்கள். அதே காற்றுதான் ஹெட்ஷெல்லின் நான்கு சிறு முனைகளிலும், ஆர்சிஏ பின்னிலும், பிட்ச் சிலைடரின் கரித்தடத்திலும் உட்காருகிறது. இடது ஸ்பீக்கர் திடீரென்று ஊமையாகும். சிலைடரை நடுவில் வைத்தால் பாட்டின் சுருதி நழுவும். உடனே நம்மவர்கள் கை போவது டபிள்யூடி-40 பக்கம். வேண்டவே வேண்டாம்! சிலைடரின் கிரீஸைக் கரைத்து, எண்ணெய்ப் படலத்தை விட்டு, அதில் தூசியைச் சேர்த்துவைத்துவிட்டுப் போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும், எலக்ட்ரானிக்ஸுக்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனரும் போதும். டோன்ஆர்ம் பேரிங்கில் எதையுமே விடக்கூடாது. சுழல்தட்டின் அச்சுக்கு டெக்னிக்ஸ் கையேடு சொல்வது 2000 மணி நேரம் ஓடியபின் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். தேங்காயெண்ணெய் விட்டுவிட்டு மார்கழிக் குளிரில் தட்டு ஏன் முனகுகிறது என்று கேட்காதீர்கள்.

வேகம் பார்க்கும் ஸ்ட்ரோப் புள்ளிகளிலும் ஒரு பொறி உண்டு. மின்வாரிய அலைவெண்ணை நம்பி எரியும் பழைய விளக்குகளுக்கு 50 ஹெர்ட்ஸுக்கு ஒரு வரிசை, 60-க்கு ஒரு வரிசை. நமக்கு 50. தவறான வரிசையைப் பார்த்துவிட்டு, ‘ஓட்டம் சரியில்லை’ என்று உள்ளே இருக்கும் திருகைத் திருகினால் சரியாக இருந்த வேகமும் கெடும்.

மேம்படுத்துகிறேன் என்று ஒயரை மாற்றுவது, ஆர்மை மாற்றுவது, வெளியே தனி பவர் சப்ளை கட்டுவது எல்லாம் பிற்பாடு. என்னைக் கேட்டால் பணத்தை ஊசியில் போடுங்கள். அங்கேயும் உஷார். ஷூர் நிறுவனம் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தொழிலிலிருந்தே விலகிவிட்டது. ‘ஒரிஜினல் ஷூர் ஊசி, புத்தம் புதுசு சார்’ என்று விற்பது பழைய சரக்காக இருக்கலாம், அல்லது போலி. பழைய சரக்கென்றாலும் முள்ளைத் தாங்கும் ரப்பர் இறுகியிருக்கும். ஜப்பானின் ஜிகோ போன்றவர்கள் தங்கள் பெயரிலேயே செய்யும் மாற்று ஊசி அதைவிட எவ்வளவோ மேல்.

தாத்தா காலத்து பாகவதர், கே.பி. சுந்தராம்பாள் ரெக்கார்டுகள் வைத்திருப்போர் கவனிக்க: அவை அரக்குத் தட்டுகள், நிமிடத்துக்கு 78 சுற்று. எஸ்எல்-1200 மார்க் 2-வில் 33-ம் 45-ம் மட்டுமே உண்டு. எல்பி ஊசியின் முனை ஆரம் 18 மைக்ரான் அளவு, 78-க்கு வேண்டியது 75 மைக்ரான் அளவு. எல்பி ஊசியை அரக்கில் இறக்கினால் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து சொரசொரக்கும், கூடவே தானும் தேயும். அடுத்து இளையராஜாவின் எக்கோ எல்பியில் அதே தேய்ந்த ஊசியை வைத்தால் அந்தத் தட்டுக்கும் தண்டனை.

இன்னொன்று, அணுமின் நிலையம் இருக்கும் கல்பாக்கத்துக்காரர்களுக்கு மட்டும். பழைய பெட்டியோடு ஸ்டேட்டிக்மாஸ்டர் என்ற பிரஷ் கிடைத்தால் பதற வேண்டாம். தூசியை இழுக்கும் நிலைமின்னைப் போக்க அதில் பொலோனியம்-210 வைத்திருந்தார்கள். அரையாயுள் 138 நாள். நாற்பது வருஷத்தில் அது வெறும் பிரஷ்.

கடைசியாக, புயல். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் மாமல்லபுரம் அருகேதான் கரையேறியது. காற்றில் நியூட்ரல் ஒயர் அறுந்தால் ஒற்றை ஃபேஸ் வீட்டுக்குள் 400 வோல்ட் வரை நுழையலாம், எம்சிபி அதைத் தடுக்காது. டர்ன்டேபிளின் சுவிட்சை அணைத்தால் போதும் என்றும் எண்ண வேண்டாம், சில மாடல்களில் சுவிட்ச் அணைந்திருந்தாலும் டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்சாரம் போய்க்கொண்டேயிருக்கும். வடகிழக்குப் பருவமழையில் அடுத்த எச்சரிக்கை வந்ததும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். மின்சாரம் திரும்பி, வீட்டு விளக்குகள் அளவோடு எரிகின்றனவா என்று அரை மணி நேரம் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.