கம்பெனி மாறும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டும் பழைய நியமனங்களும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஓஹையோ மாநிலத்து விவசாயிகள், தங்கள் மோட்டார் வண்டிகளுக்குப் பட்டணவாசிகளுக்கு நிகரான பிரீமியம் கேட்கப்படுவது நியாயமன்று என்று கருதி, தங்கள் சம்மேளனத்தின் வாயிலாகத் தாங்களே ஒரு பரஸ்பர இன்ஷூரன்ஸ் கம்பெனியை அமைத்துக்கொண்டனர். 1926ஆம் ஆண்டில் தொழில் தொடங்கிய அக்கம்பெனி 1955இல் நேஷன்வைடு என்ற பெயரைப் பெற்றது. அதனை வளர்த்த மர்ரே லிங்கன் என்பார் அந்நாட்டுக் கூட்டுறவு லீகிற்கும் தலைமை வகித்தவர். இல்லினாய் மாநிலத்தில் ஜார்ஜ் மெக்கெர்லி என்ற விவசாயி 1922இல் தொடங்கிய ஸ்டேட் பார்ம் கம்பெனியும் உழவர்களை நம்பி எழுந்ததே. இவ்விரு கம்பெனிகளும் தமக்கென்றே உழைக்கும் ஏஜெண்டுகளைக் கொண்டு வளர்ந்தன. ஆகவே ஏஜெண்டு ஒருவர் எவ்வாறு ஒரு கம்பெனிக்குக் கட்டுப்படுகிறார், எவ்வாறு விடுபடுகிறார் என்ற விஷயம் கூட்டுறவாளர்களாகிய நமக்கு முற்றும் அந்நியமானதன்று.

அந்நாட்டில் ஏஜெண்டுகள் இரு வகையினர். சுயேச்சை ஏஜெண்டு பல கம்பெனிகளுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, வாடிக்கைக்காரருக்கு எது பொருந்துமோ அதை விற்பவர். தனிக் கம்பெனி ஏஜெண்டு ஒரே கம்பெனியின் பாலிசிகளை மட்டும் விற்பவர். நம் நெசவாளர்க்கு இது எளிதில் விளங்கும். தம் சொந்த நூலைக் கொண்டு நெய்து, விரும்பிய வியாபாரிக்குச் சேலையை விற்பவர் ஒருவர்; ஒரே மாஸ்டர் வீவரிடம் பாவும் ஊடையும் பெற்று அவருக்கே நெய்து கொடுப்பவர் மற்றொருவர். முன்னவருக்கு உரிமை அதிகம், நிச்சயம் குறைவு. பின்னவருக்கு நூலைப் பற்றிய கவலை இல்லை. ஆனால் தறியில் இருப்பது அவருடையதன்று.

முதல் வகையைச் சேர்ந்த ஒருவர் இரண்டாம் வகைக்கு மாற விரும்பினால் என்ன செய்ய வேண்டும்? பலரும் ‘ராஜிநாமாக் கடிதம் எழுதினால் போதும்’ என்று எண்ணுகின்றனர். கஷ்டங்கள் அவ்வெண்ணத்திலிருந்தே தொடங்குகின்றன.

லைசென்ஸும் நியமனமும் வெவ்வேறு என்பதை முதலில் உணர வேண்டும். லைசென்ஸை வழங்குவது மாநில சர்க்கார். 1944இல் உச்ச நீதிமன்றம் இன்ஷூரன்ஸ் தொழிலும் மாநிலங்களுக்கிடையேயான வர்த்தகமே என்று தீர்ப்பளித்தது. ஆயினும் 1945இல் இயற்றப்பட்ட மக்கரன்–பெர்குசன் சட்டம் அத்தொழிலின் கண்காணிப்பை மாநிலங்களிடமே விட்டுவைத்தது. நியமனம் என்பது வேறு. இன்ன ஏஜெண்டு எமக்காகத் தொழில் செய்ய அதிகாரம் பெற்றவர் என்று கம்பெனி மாநில இன்ஷூரன்ஸ் இலாகாவுக்குத் தாக்கல் செய்யும் அறிவிப்பே அது. பத்துக் கம்பெனிகளுக்கு விற்பவரிடம் லைசென்ஸ் ஒன்றும் நியமனங்கள் பத்தும் இருக்கும். பல மாநிலங்களில் தொழில் செய்பவருக்கு இத்தொகை பெருகும். நியமனத் தாக்கலை வேண்டாத மாநிலங்களும் சில உண்டு. அங்கே உடன்படிக்கை மட்டுமே கணக்கு.

மாநில இன்ஷூரன்ஸ் கமிஷனர்களின் சங்கம் 2000ஆம் ஆண்டில் ஒரு மாதிரிச் சட்டத்தை வகுத்தது. அதன்படி, உடன்படிக்கை கையெழுத்தான நாளிலிருந்தோ முதல் விண்ணப்பம் வந்த நாளிலிருந்தோ 15 நாட்களுக்குள் கம்பெனி நியமனத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். உறவு முடிந்தால் 30 நாட்களுக்குள் முடிவையும் அறிவிக்க வேண்டும். ஏஜெண்டு கேட்கலாம், எழுதலாம். ஆனால் சர்க்கார் பதிவேட்டில் நியமனத்தை நீக்கும் தாக்கலைச் செய்யவேண்டியது கம்பெனியே. கடிதம் அனுப்பிவிட்டு வாளாவிருந்தவரின் பெயர் மாதக்கணக்கில் பழைய கம்பெனியின் கீழே நிற்பது இதனாலேதான். அவரைத் தனக்கே உரியவராக ஏற்க நினைக்கும் புதிய கம்பெனி அப்பதிவைக் கண்டு விளக்கம் கேட்கும்.

இனிச் சொத்து விஷயத்துக்கு வருவோம். சுயேச்சை ஏஜெண்டின் மெய்யான சொத்து நாற்காலியும் மேஜையும் அல்ல. எந்த வாடிக்கைக்காரரின் பாலிசி எந்நாளில் காலாவதியாகிறது, எந்த வீடு, எந்த வண்டி, எவ்வளவு பிரீமியம் என்று எழுதிவைத்த பதிவுகளே அவருடைய மூலதனம். இப்பதிவுகள் கம்பெனிக்கன்று, ஏஜெண்டுக்கே பாத்தியம் என்பதை நியூயார்க் நீதிமன்றம் 1904லேயே ஒரு வழக்கில் ஏற்றது. அதன்பின் அது அத்தொழிலின் அடிப்படை வழக்கமாயிற்று. உடன்படிக்கை முடிந்தாலும் கம்பெனி அவ்வாடிக்கைக்காரர்களைத் தானே அணுகலாகாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வசூலித்த பிரீமியத்தை ஏஜெண்டு முழுவதும் கட்டியிருக்க வேண்டும். பாக்கி வைத்தால் அப்பதிவுகள் கம்பெனியின் கைக்குப் போகும் என்று பெரும்பாலான உடன்படிக்கைகளில் எழுதப்பட்டிருக்கும். இருபது வருஷ உழைப்பு ஒரு மாதத்துக் கணக்குப் பிசகினால் கைநழுவிப் போகக்கூடும்.

தனிக் கம்பெனி ஏஜெண்டாகிவிட்டால் நிலைமை தலைகீழ். இனிச் சேரும் வாடிக்கைக்காரர்கள் கம்பெனிக்கே உரியவர்கள். விலகும்போது ஏஜெண்டுக்கு ஏதேனும் தொகை கிடைத்தால் அது உடன்படிக்கையில் எழுதியபடியே கிடைக்கும், எழுதாதது கிடையாது. ஆதலால் பழைய பதிவுகளை விற்றுக் காசாக்குவதற்கு, மாற்றத்துக்கு முந்திய காலமே ஏற்ற சந்தர்ப்பம்.

ஆனால் விற்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வாங்குகிறவர் அதே கம்பெனிகளின் நியமனம் பெற்றவராயிருந்தால், அக்கம்பெனிகளின் சம்மதத்தோடு பாலிசிகள் அவர் பெயருக்கு மாறும். வாடிக்கைக்காரருக்கு மாற்றம் ஒன்றும் தெரியாது. நியமனம் இல்லாதவராயின் ஒவ்வொரு பாலிசியையும் புதுப்பிக்கும் வேளையில் வேறு கம்பெனிக்கு மாற்றியாகவேண்டும். அப்போது விலையும் இறங்கும். ஆகவே வாங்குகிறவர் பெயருக்கு எல்லாம் மாறி முடியும்வரை விற்பவரின் நியமனம் உயிரோடிருப்பதே நலம். முதலில் ராஜிநாமா, பிறகு விற்பனை என்று அவசரப்பட்டவர்கள், தறியில் ஏறிய பாவை நெய்து முடிக்காமல் அறுத்தவர்கள் ஆவர்.

இதனினும் கடிய சிக்கல் ஒன்று உண்டு. வாங்குகிறவர், ‘நீர் விற்ற வாடிக்கைக்காரர்களை இத்தனை வருஷங்களுக்கு அணுகமாட்டேன்’ என்று விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம், அது நியாயமுங்கூட. ஆனால் புதிய கம்பெனி அவரை அழைப்பதே அவ்வூரில் அவருக்குள்ள அறிமுகத்தை நம்பித்தான். அவருடைய மைத்துனர், அண்டை வீட்டார், தேவாலயத்து நண்பர் ஆகிய எல்லோருமே விற்கப்பட்ட புஸ்தகத்தில் இருப்பார்கள். ஒரே மனிதர் ஒரே ஊரில் ஒரு பத்திரத்தில் ‘அணுகமாட்டேன்’ என்றும், மற்றொரு பத்திரத்தில் ‘புது வியாபாரம் கொணர்வேன்’ என்றும் கையெழுத்திடுகிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்காமல் கையெழுத்திடுவது எமது அபிப்பிராயத்தில் பெரும் பிழை. வக்கீலுக்குக் கொடுக்கும் கட்டணத்தை மிச்சம் பிடிக்கத் தக்க இடம் இதுவன்று.

சிலர் விற்காமல், வாடிக்கைக்காரர்களையே புதிய கம்பெனிக்கு அழைத்துச் செல்ல நினைப்பர். பதிவுகள் தமக்கே பாத்தியமாகையால் இதற்கு இடமுண்டு. எனினும் தவணை நடுவில் பாலிசியை ரத்து செய்வதால் யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டும். ஓர் உதாரணம் கொள்வோம். வருஷப் பிரீமியம் 1,200 டாலர், கமிஷன் நூற்றுக்கு 15 எனில், ஏஜெண்டு பெற்றது 180 டாலர். மூன்று மாதத்தில் பாலிசி ரத்தாகி, மீதிக் காலத்துப் பிரீமியம் திரும்பக் கொடுக்கப்பட்டால், 135 டாலர் கமிஷனைக் கம்பெனிக்கு அவர் திருப்பித் தரவேண்டியிருக்கும். வாடிக்கைக்காரரும் சில கம்பெனிகளில் ரத்துக் கட்டணம் இழப்பார். அன்றியும், கமிஷனுக்காகத் தவறான காரணங்கள் கூறிப் பாலிசியை மாற்றச் செய்வது மாநிலச் சட்டங்களின்படி குற்றம். ஆயுள் இன்ஷூரன்ஸில் இது மிகுந்த கண்டிப்புடன் பார்க்கப்படும். ஏனெனில் புதுப் பாலிசியில் வயதும் உடல்நிலையும் மீண்டும் கணக்கிடப்படும், தகராறு செய்யக்கூடிய ஆரம்ப காலமும் மறுபடி தொடங்கும். புதுப்பிக்கும் நாள் வரும்வரை காத்திருப்பவரே யோக்கியமான ஏஜெண்டு.

ஆயுள் பாலிசிகளின் புதுப்பிப்புக் கமிஷன் விஷயம் சற்று அனுகூலமானது. விற்றபோது முறையான லைசென்ஸ் இருந்திருந்தால், பின்னால் வரும் கமிஷனைப் பெற மாதிரிச் சட்டம் தடை சொல்வதில்லை. உடன்படிக்கையில் அக்கமிஷன் உறுதிப்பட்டது என்று எழுதியிருக்கிறதா என்பதே கேள்வி. புதிய கம்பெனி இவ்வருமானத்தை அனுமதிக்கிறதா என்றும் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும்.

ராஜிநாமாவுக்கு வருவோம். ஒவ்வொரு கம்பெனியின் உடன்படிக்கையிலும் முன்னறிவிப்புக் காலம் வேறுபடும். ஒன்றில் 30 நாள் எனில் மற்றொன்றில் 90 நாள் இருக்கலாம். நீண்ட காலம் கேட்கும் கம்பெனிக்கு முதலில் கடிதம் போகவேண்டும். விலகும் தேதியைத் திட்டமாகக் குறித்து, தாமே விரும்பி விலகுவதையும், எல்லா மாநிலங்களிலும் நியமனத்தை நீக்கும்படியும் எழுதுவதே முறை. அத்தேதிக்குப் பிறகு அக்கம்பெனியின் பெயரால் பாதுகாப்பு அளிக்கும் அதிகாரம் இல்லை. முந்திய நாள் மாலையில் ‘உங்கள் வண்டிக்கு இன்றே பாதுகாப்பு உண்டு’ என்று வாயால் சொன்ன வாக்கு, மறுநாள் விபத்து நேர்ந்தால் வழக்காக மாறும். ஆகையால் முடியாத விண்ணப்பங்கள், தீராத நஷ்டஈட்டுக் கோரிக்கைகள் ஆகியவற்றின் பட்டியல் கடிதத்தோடு போவது நல்லது.

விரும்பி விலகுதல் என்ற சொற்களுக்கு மதிப்பு உண்டு. ஏஜெண்டின் குற்றத்தினால் உறவு முறிந்ததாகக் கம்பெனி அறிவித்தால், அதன் காரணத்தை இலாகாவுக்குச் சொல்ல வேண்டும். மாதிரிச் சட்டத்தின்படி அதன் நகல் 15 நாட்களுக்குள் ஏஜெண்டுக்கும் அனுப்பப்பட வேண்டும். அவர் 30 நாட்களுக்குள் தம் சமாதானத்தை எழுதித் தரலாம். பிரீமியப் பணம் பிறர் பணம். தனியாக வைக்கப்படவேண்டிய நம்பிக்கைப் பணம். அதில் பாக்கியோடு விலகுகிறவருக்கே பெரும்பாலும் இத்தகைய அறிவிப்பு வரும். வந்தால் புதிய கம்பெனியின் கதவும் அடைபட நேரும்.

பலர் மறந்துவிடுவது மற்றொன்று. ஏஜெண்டு தம் தொழிலில் செய்யும் பிழைகளுக்காகத் தாமும் இன்ஷூரன்ஸ் எடுத்திருப்பார். அவ்வகைப் பாலிசி பெரும்பாலும், பிழை நேர்ந்த காலத்தையன்றி, கோரிக்கை எழும் காலத்தைக் கணக்கில் கொள்வது. பழைய பாலிசியை நிறுத்திய பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன் வெள்ளப் பாதுகாப்பைச் சேர்க்கத் தவறியதாக ஒரு வீட்டுக்காரர் வழக்குப் போட்டால், நிறுத்திய பாலிசி உதவாது. புதிய கம்பெனி அளிக்கும் பாலிசியும் பழைய வேலைக்குப் பொறுப்பேற்காது. அதற்கென்று நீட்டிப்புக் காலத்தைத் தனிக் கட்டணம் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பிறருக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் விற்றவர் தமக்கு இல்லாமல் நிற்பது பரிதாபமே.

எதிர்த் திசை மாற்றமும் உண்டு. மேலே கூறிய நேஷன்வைடு கம்பெனியே, தன் தனி ஏஜெண்டுகளைச் சுயேச்சை ஏஜெண்டுகளாக மாற்றப்போவதாக 2018இல் அறிவித்து, 2020 ஜூலையை அதற்கு எல்லையாக வைத்தது. ஓஹையோ உழவர்கள் அமைத்த கம்பெனியின் ஏஜெண்டுகள் பிற கம்பெனிகளின் நியமனங்களைத் தேடிச் செல்லும்படி ஆயிற்று.

நம் நாட்டில் ஆயுள் இன்ஷூரன்ஸ் 1956 செப்டம்பர் 1ஆம் தேதி தொடங்கிய கார்ப்பொரேஷனிடம் ஒருங்கே சேர்ந்தது; 2000ஆம் ஆண்டுக்குப் பின்னரே பல கம்பெனிகள் மீண்டும் வந்தன. 2016ஆம் ஆண்டு விதிகள், தனி நபரான ஏஜெண்டு ஆயுள், பொது, உடல்நலம் ஆகிய ஒவ்வொரு வகையிலும் ஒரே கம்பெனிக்கு மட்டும் உழைக்கலாம் என்று வகுத்தன. கம்பெனி மாற விரும்புகிறவர் நியமனக் கடிதத்தை ஒப்படைக்க வேண்டும். பழைய கம்பெனி 15 நாட்களுக்குள் விலகல் சான்றிதழ் தரவேண்டும். அச்சான்றிதழின் தேதியிலிருந்து 90 நாள் கழித்தே அவர் வேறு கம்பெனியிடம் விண்ணப்பிக்கலாம் என்றும் அவ்விதிகள் கூறின. நம் கிராமங்களில் ஏஜெண்டு வேலையையும் சேர்த்துப் பார்க்கும் அங்கத்தினர்கள், அம்மூன்று மாதத்தில் தங்கள் பாலிசிதாரர்களின் தவணைகளை யார் நினைவூட்டுவது என்பதைப் பழைய கம்பெனியின் கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவைத்துக்கொண்ட பிறகே கடிதத்தை ஒப்படைத்தல் வேண்டும்.