ஆட்டின் வயிற்றுச் சீதமும் புழு உபத்திரவமும்

மழைக்காலத்தில் ஒரே பட்டியில் அடைந்து ஒரே புல்லை மேயும் ஆடுகளிற் சில கொழுத்தும், சில மெலிந்தும் நிற்பதைக் குடியானவர்கள் கண்டிருக்கலாம். இவ்வித்தியாசத்திற்கு ஒரு முக்கிய காரணம், வயிற்றில் ஊறும் சீதமாகும்.

சீதம் என்றதும் அதைப் பேதியின் அடையாளமென்றே பலர் எண்ணுவர். உண்மையில் அது இரைப்பை, குடல் இவற்றின் உட்சுவரை ஓயாமற் காக்கும் வழுவழுப்பான போர்வை. அதில் பெரும்பகுதி நீர்; அதற்குப் பிசுபிசுப்பைத் தருவது புரதச்சத்து.

ஆடுகளுக்குப் பெருங்கேடு செய்வது, நான்காம் இரைப்பையில் தங்கி இரத்தம் உறிஞ்சும் புழு. ஒரு புழுவால் தினம் சுமார் 0.05 மில்லிலிட்டர் இரத்தம் நஷ்டமாகும். ஆயிரம் புழுக்களிருந்தால் 50 மில்லிலிட்டர். இரத்தஞ் சோர்ந்து, தாடையின்கீழ் நீர் கோத்து ஆடு மடியும்.

இதன் குஞ்சுகள் ஈரப்புல்லோடு உட்செல்கின்றன. முன்பே புழுவின் தாக்குதலுக்குட்பட்டுத் தேறிய ஆட்டில், சீதம் அக்குஞ்சுகளைப் பற்றிச் சுவரை அணுகவொட்டாமல் வெளியே தள்ளிவிடுகிறது.

புழுக்களும் வாளாவிருப்பதில்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டர் சர்வகலாசாலையார் எலிகளைக்கொண்டு ஆராய்ந்தனர். சீதத்தின் முக்கிய புரதம் சுரவாத எலிகளில் சாட்டைப்புழு வெளியேறத் தாமதமாவது 2010-லும், அப்புழு ஒருவித ரசத்தைச் சுரந்து சீதத்தைக் கரைப்பது 2012-லும் வெளியிடப்பட்டன.

இளங்குட்டிகளுக்கு எதிர்ப்புச் சக்தி முதிர்ந்திராது. ஈனும் தருவாயிலும் பால் கொடுக்கும்போதும் தாயாட்டிற்கு அது தளரும். பாலுக்கும் சீதத்திற்கும் புரதமே மூலமாதலால், அக்காலத்தில் வெறும் தட்டையும் காய்ந்த புல்லும் போதா. கடலைப் பிண்ணாக்கு, கடலைக்கொடி, அகத்தித்தழை இவற்றைச் சேர்த்துக் கொடுப்பது மருந்துக்கு ஒப்பான உதவியாம்.

மருந்தையே நம்பி மந்தை முழுவதற்கும் அடிக்கடி கொடுப்பதால், மருந்துக்கு மடியாத புழுக்களே மிஞ்சிப் பெருகும். தென்னாப்பிரிக்காவில் வகுக்கப்பட்ட முறைப்படி, கீழிமையைப் புரட்டி, உட்புறம் வெளுத்த ஆடுகளை மட்டும் பொறுக்கி மருந்தளிப்பது நலம். இமையின் நிறத்தை அறியும் வகையையும் மருந்தின் அளவையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

பனி உலருமுன் ஆடுகளை ஓட்டலாகாது. ஏரிப் புறம்போக்கில் ஈரமான இடத்திலேயே நாடோறும் மேய்த்தால் புழு பெருகும்; மேய்ச்சலை மாற்றியமைக்கக் கிராம அதிகாரிகள் ஊராரைத் தூண்டவேண்டும். இயற்கை அளித்த காவலைத் தீனியால் வலுப்படுத்தி, மருந்தை அளவறிந்து கையாளுவோர் பட்டியில் நஷ்டம் குறையும்.