கப்பிட்டலா, சிம்பிளா, இரண்டும் இல்லையா?

உடுவில் பிரதேச செயலகமோ வங்கியோ, எங்கே படிவம் நிரப்பினாலும் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்பார்கள். 2016இல் 12 இலக்க முறை வருமுன் வழங்கப்பட்ட அட்டைகளில் ஒன்பது இலக்கங்களும் அவற்றின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். பெரும்பாலும் அது ‘வி’, சிலருக்கு ‘எக்ஸ்’. அட்டையில் அச்சாகியிருப்பது கப்பிட்டல் எழுத்து. கைத்தொலைபேசியில் தட்டச்சிடும்போது பலருக்குச் சிம்பிள் ‘வி’தான் கைக்கு வருகிறது. பதிவேட்டில் கப்பிட்டல் இருந்து, தேடுபவர் சிம்பிளில் தேடினால், “அப்படி ஒருவர் இல்லை” என்று மென்பொருள் சொல்லிவிடக்கூடும்.

இதைத் தீர்ப்பது எளிது. ஆனால் அந்தத் தீர்வைத் தமிழ்ப் பெயர்கள் மேலும் அப்படியே போட்டால் புதிய சிக்கல் முளைக்கும்.

கணினி ஏன் இரண்டாகப் பார்க்கிறது?

கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண். 1963இல் வெளியாகி, 1967இல் சிம்பிள் எழுத்துகளையும் சேர்த்துக்கொண்ட ஆஸ்கி அட்டவணையில் கப்பிட்டல் ‘வி’யின் எண் 86, சிம்பிள் ‘வி’யின் எண் 118. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கும் இடைவெளி இதே 32தான். இரும எண்ணில் பார்த்தால் ஒரேயொரு பிட் மட்டும் மாறுகிறது. அதனால்தான் எழுத்தின் வகையை மாற்றுவது கணினிக்கு நொடியில் முடிகிற வேலை.

பைதன் மொழியில் ‘அப்பர்’ என்ற கட்டளை முழுச் சொல்லையும் கப்பிட்டலாக்கும், ‘லோவர்’ சிம்பிளாக்கும். ‘இஸ்அப்பர்’, ‘இஸ்லோவர்’ ஆகியவை எந்த வகை என்று சோதித்து ஆம், இல்லை என்று பதில் தரும். அடையாள அட்டை இலக்கத்தை வாங்கியதும் ஓரங்களில் உள்ள வெற்றிடத்தை நீக்கி, ‘அப்பர்’ போட்டுச் சேமித்து, தேடும்போதும் அதையே செய்தால் ‘வி’ தகராறு முடிந்தது. தரவுத்தளத்திலும் கவனம் வேண்டும்: மைஎஸ்க்யூஎல் வழமையான அமைப்பில் இரு வகையையும் ஒன்றாகவே ஒப்பிடும், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் பிரித்துப் பார்க்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது அதுவரை ஒளிந்திருந்த பிழைகள் வெளியே வரும்.

தமிழ் வந்தால்?

உடுவில் வட்டாரத்துக்கு இரு எழுத்து முறைகள் புதியவை அல்ல. அமெரிக்க மிஷனரிகள் 1824இல் இங்கே மகளிர் பாடசாலையைத் தொடங்கினார்கள். 1841இல் பக்கத்து மானிப்பாயில் அவர்களின் அச்சகத்தில் ‘உதயதாரகை’ தமிழும் ஆங்கிலமுமாக அச்சானது. கப்பிட்டல் உள்ள மொழியும் இல்லாத மொழியும் ஒரே இதழில் வந்தன. அச்சுக்கோப்பவர் எதில் எது உண்டு என்று அறிந்திருந்தார். மென்பொருளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

‘உடுவில்’ என்ற சொல்லைத் தமிழில் கொடுத்து ‘இஸ்அப்பர்’ என்று கேட்டால் பதில் ‘இல்லை’. ‘இஸ்லோவர்’ என்று கேட்டாலும் ‘இல்லை’. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட், தமிழ் எழுத்துகளை ‘ஏனைய எழுத்து’ என்ற வகையில் வைத்திருக்கிறது. சிங்களத்துக்கும் அதே நிலைதான். ஆகவே “கப்பிட்டல் அல்லவென்றால் சிம்பிள்” என்று எழுதிய நிரல் இந்நாட்டின் இரு அரச கரும மொழிகளிலும் தவறும். வேறொரு குறுக்குவழியும் உண்டு: ‘அப்பர்’ போட்ட பிறகும் சொல் மாறவில்லையென்றால் அது கப்பிட்டல் என்று கொள்வது. அந்தக் கணக்கில் தமிழ் முழுவதும் கப்பிட்டல் ஆகிவிடும்!

எழுத்துதானா என்று சோதிக்கும் ‘இஸ்அல்ஃபா’ இன்னும் மோசம். உடுவில் நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ஏழு குறியீடுகள். உகரக் குறி, இகரக் குறி, புள்ளி மூன்றும் எழுத்துக் கணக்கில் சேராததால் அந்தச் சோதனையில் உடுவில் தோற்றுப்போகும். பெயருக்கான கட்டத்தில் இதை வைத்தால் குறியோ புள்ளியோ உள்ள தமிழ்ப் பெயர் எதுவும் ஏறாது.

வகை மாற்றம் தீர்க்காதவை

மிஷனரிகள் இவ்வூரின் பெயரை இரட்டை ‘ஓ’ இருமுறை வர, இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலிலிருந்து வேறாக எழுதினார்கள். பழைய ஆவணங்களில் தேடுபவருக்கு ‘லோவர்’ உதவாது. இரண்டு வடிவங்களையும் சேர்த்தே தேட வேண்டும்.

தமிழுக்கும் தனக்கென ஓர் ஒப்பீட்டுச் சிக்கல் உண்டு. ‘கொக்குவில்’ என்பதன் முதலெழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். எகரக் குறி, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது. கணினிக்கு அவை வேறு சொற்கள். இதற்கு மருந்து, இரண்டையும் ஒரே வடிவமாக்கும் யூனிகோட் இயல்பாக்கம். ஆங்கிலத்துக்கு வகை மாற்றம் போல, தமிழுக்கு அது ஒப்பிடுமுன் கட்டாயம்.

எதை மாற்றக் கூடாது?

கடவுச்சொல்லைத் தொடவே கூடாது. அதில் கப்பிட்டலும் சிம்பிளும் பாதுகாப்பின் பகுதி. ஆட்களின் பெயரையும் மாற்றாமல் வைப்பதே நல்லது. ஆங்கிலத்தில் எழுதிய எஸ்.ஜே.வி. செல்வநாயகம் என்ற பெயருக்குப் பைதனின் ‘கப்பிட்டலைஸ்’ கட்டளையைக் கொடுத்தால் ‘எஸ்’ மட்டும் பெரிதாக நிற்கும். ‘ஜே’யும் ‘வி’யும் செல்வநாயகத்தின் முதலெழுத்தும் சிறிதாகிவிடும். ஜேர்மன் மொழியின் ஒரு தனி ‘எஸ்’ எழுத்து கப்பிட்டலாகும்போது இரண்டு எழுத்துகளாகிறது. துருக்கியில் புள்ளியுள்ள ‘ஐ’யும் புள்ளியில்லா ‘ஐ’யும் தனித்தனி எழுத்துகள். பல மொழிகள் கலந்த தரவை ஒப்பிட, ‘லோவர்’ கட்டளையைவிட ‘கேஸ்ஃபோல்ட்’ பொருத்தமானது. ஆனால் துருக்கியின் ‘ஐ’யை அதுவும் தானாகத் தீர்க்காது.

ஆகவே வந்ததை வந்தபடி ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிடுவதற்கு மட்டும் மாற்றிய பிரதியை வேறாக வையுங்கள். மென்பொருளை ஆட்களிடம் கொடுக்குமுன், கப்பிட்டல் ‘வி’ உள்ள இலக்கம் ஒன்று, சிம்பிள் ‘வி’ உள்ளது ஒன்று, புதிய 12 இலக்கம் ஒன்று, தமிழ்ப் பெயர் ஒன்று என நான்கையும் கொடுத்துப் பாருங்கள். நான்கும் ஏறினால்தான் அது இங்கே பயன்படும் படிவம்.