ஐயமும் அறிவியலும்

உண்மையைக் கண்டறிதல் ஓர் அரிய செயல். கண்டறிந்த உண்மையைப் பிறர் நெஞ்சம் ஏற்குமாறு எடுத்துரைத்தல் அதனினும் அரிய செயல். முன்னது ஆய்வுக்கூடத்தில் நிகழ்வது. பின்னது தெருவிலும் திண்ணையிலும் நிகழ்வது. ஆய்வுக்கூடத்தில் வெற்றி கண்ட அறிஞர் பலர் திண்ணையில் தோல்வி கண்டுள்ளனர். அத்தோல்விக்கு விலையாக மக்கள் தம் உயிரையே கொடுக்க நேர்ந்ததும் உண்டு. ஆகவே, அறிவியலை மக்களிடம் கொண்டு சேர்ப்பது எவ்வாறு என்பது யாவரும் எண்ணிப் பார்க்கத்தக்க பொருளாகும்.

மக்கள் ஐயுறுகின்றனர் என்று கேட்டவுடனே, அவர்களை அறியாதவர் என்று இகழ்வோர் சிலர் உளர். அது முறையன்று. கொங்கு நாட்டு உழவரிடம் புதிய விதை ஒன்றைக் கொடுத்தால், அவர் அதனைத் தோட்டம் முழுவதும் விதைத்துவிடமாட்டார். முதலில் ஒரு பாத்தியில் விதைத்துப் பார்ப்பார். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது, பூச்சியை எவ்வாறு தாங்குகிறது, விளைச்சல் எத்துணை என்று காண்பார். பின்னரே அடுத்த போகத்தில் அதனைப் பரப்புவார். வானம் பார்த்த பூமியில் ஒரு போகம் பொய்த்தால் ஓராண்டு உணவு போயிற்று. ஆதலால், அவருடைய ஐயம் அறியாமையன்று. பட்டறிவு தந்த எச்சரிக்கையே ஆகும். அறிவியலும் ஐயத்திற் பிறந்ததே அன்றோ? ஐயுற்றவன் சோதித்துப் பார்க்கும்போது அறிவியல் பிறக்கிறது. சோதிக்காமலே முடிவு கட்டும்போது வதந்தி பிறக்கிறது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் கோயம்புத்தூர்ப் பகுதியைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் மீண்டும் மீண்டும் தாக்கியது. வீடுகள் வெறிச்சோடின, கடைவீதிகள் அடைபட்டன. துயருற்ற மக்கள் தம் குலங்காக்கும் அன்னையிடம் முறையிட்டனர். கோவை நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ‘பிளேக் மாரியம்மன்’ என்னும் பெயரால் விளங்கும் கோயில்கள் அக்காலத்து அச்சத்திற்கும் நம்பிக்கைக்கும் இன்றளவும் சான்றாக நிற்கின்றன.

அந்நாளில் அந்நோயைப் பற்றி அறிவியல் அறிந்திருந்தது என்ன? அதனை உண்டாக்கும் நுண்கிருமியை 1894ஆம் ஆண்டில் ஆங்காங்கில் யெர்சின் என்னும் அறிஞர் கண்டறிந்தார். அக்கிருமியை எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டு வருவது தெள்ளுப்பூச்சியே என்று 1898ஆம் ஆண்டில் கராச்சி நகரில் சோதனை செய்து காட்டினார் சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர். மக்கள் அறிந்திருந்தது என்ன? எலி விழுந்தால் நோய் வரும் என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டிருந்தனர். எலி செத்து விழுந்த வீட்டை விட்டு வெளியேறி, ஊர்ப்புறத்தே குடிசை அமைத்துத் தங்கும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் இருந்தது.

இவ்விரண்டு அறிவும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. எலி இறந்தவுடன் அதன் உடல் குளிர்ந்து போகிறது. அதன் மேலிருந்த தெள்ளுப்பூச்சி வேறு குருதியைத் தேடி அருகிலுள்ள மனிதனை நாடுகிறது. ஆதலால், எலி முதலில் விழுகிறது. மனிதன் பின்னர் நோயுறுகிறான். மக்கள் கண்டது நிகழ்ச்சி; அறிஞர் கண்டது அதன் காரணம். “நீங்கள் கண்டது மெய்யே, அதன் காரணம் இது” என்று தொடங்கும் சொல்லைக் கேட்க யாரும் மறுப்பதில்லை. ஆனால், அந்நாளில் அவ்வாறு தொடங்கியோர் மிகச் சிலர். ஆட்சியாளர் பலர் வேறு வழிகளை நாடினர்.

அவற்றுள் ஒன்று வன்முறை. 1896ஆம் ஆண்டில் பம்பாயில் தோன்றிய பிளேக் மறு ஆண்டு புனே நகரில் கடுமையாகப் பரவியது. நோயாளிகளைத் தேடிப் படைவீரர் வீடுவீடாக நுழைந்தனர். பெண்டிர் உறையும் உள்ளறைகளும் பூசையறைகளும் சோதனைக்குத் தப்பவில்லை. ஐயத்திற்குரியோர் முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்; உடைமைகள் எரிக்கப்பட்டன. நோயைத் தடுப்பதே நோக்கம் என்று அதிகாரிகள் கூறினர். ஆனால், மக்கள் கண்டது நோக்கத்தையன்று. தம் வாயிலை மிதித்த காலணியையே. நோயாளிகளை மறைத்து வைக்கும் வழக்கம் பெருகியது. வெறுப்பு முற்றியது. 1897ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள் இரவில், பிளேக் தடுப்புப் பணியின் தலைவராய் இருந்த ராண்டு என்பவரைச் சபேக்கர் உடன்பிறந்தார் சுட்டனர். அவர் சில நாளில் இறந்தார். அச்சுறுத்தி ஒருவரைப் பணியவைக்கலாம், நம்பவைத்தல் இயலாது.

மற்றொரு வழி, நன்மை கருதிச் சொல்லும் பொய். இதற்குச் சான்று நம் சென்னையிலேயே உண்டு. பசுவம்மைப் பாலைக் குத்தினால் பெரியம்மை வாராது என்று இங்கிலாந்து நாட்டு மருத்துவர் சென்னர் 1798ஆம் ஆண்டில் நூல் எழுதி வெளியிட்டார். அம்மருந்து 1802ஆம் ஆண்டில் இந்தியாவை அடைந்தது. மாற்றார் நாட்டு முறையை ஏற்க மக்கள் தயங்கினர். அப்போது சிலர் ஒரு சூழ்ச்சி செய்தனர். 1819ஆம் ஆண்டு சனவரியில், ‘கல்வி விரும்பன்’ என்னும் புனைபெயரில் ஒரு கடிதம் சென்னைச் செய்தித்தாளில் வெளியாயிற்று. அம்மை குத்தும் முறை தன்வந்திரியின் பழைய வடமொழி நூலிலேயே சொல்லப்பட்டுள்ளது என்பது அதன் கருத்து. தமிழன்பராய் விளங்கிய எல்லிசு துரையும் பசுவம்மையைத் தெய்வ அருளாகக் காட்டும் கதையொன்றைத் தமிழில் இயற்றினார் என்பதை ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டியுள்ளனர்.

எல்லிசு துரையின் உள்ளம் தூயது. உயிர்களைக் காக்க வேண்டும் என்பதே அவர் விழைவு. எனினும், அவ்வழி நல்வழியன்று. ‘கல்வி விரும்பன்’ சுட்டிய செய்தியைப் பின்வந்த ஆசிரியர் பலர் மெய்யென்றே நம்பித் தம் நூல்களில் எடுத்து எழுதினர். வரலாறு குழம்பியது. இத்தகைய பொய் வெளிப்படும் நாளில், கேட்பவன் மருந்தையும் சேர்த்தே ஐயுறுவான். நம்பிக்கை என்பது மண்கலம் போன்றது. உடைந்த பின்னர் ஒட்டவைத்தாலும் நீர் கசியும்.

வன்முறையும் பொய்யும் விலக்கத்தக்கன என்றால், கொள்ளத்தக்க வழி யாது? வால்டெமர் ஹாஃப்கின் என்னும் அறிஞரின் வாழ்க்கை இதற்கு ஓரளவு விடை தருகிறது. பம்பாயில் பிளேக் நோய்க்குத் தடுப்பு மருந்தை உருவாக்கிய அவர், 1897ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் அதனைத் தம் உடம்பிலேயே முதலில் செலுத்திக்கொண்டார். பிறருக்குக் கொடுக்கும் மருந்தைத் தாமே முன்னர் உட்கொள்ளும் மருத்துவரை மக்கள் நம்பினர். அம்மருந்து பல்லாயிரவர்க்குப் போடப்பட்டது.

ஆயினும், 1902ஆம் ஆண்டு அக்டோபரில் பஞ்சாபின் முல்கோவால் என்னும் சிற்றூரில் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. அங்கு ஊசி போட்டுக்கொண்ட 107 பேருள் 19 பேர் இரணஜன்னி கண்டு இறந்தனர். மருந்தே நஞ்சு என்ற பேச்சு எழுந்தது. ஹாஃப்கின் மீது பழி விழுந்தது. உண்மை வேறு. அன்று ஐந்து புட்டிகளிலிருந்து மருந்து எடுக்கப்பட்டது. இறந்தோர் அனைவரும் ஒரே புட்டியின் மருந்தைப் பெற்றவர். ஏனைய நான்கு புட்டிகளின் மருந்தைப் பெற்றோர் நலமாக இருந்தனர். அப்புட்டியைத் திறந்தபோது உதவியாளர் கையினின்று இடுக்கி தரையில் விழுந்ததும், அது செம்மையாகத் தூய்மை செய்யப்படாததும் பின்னர்த் தெரியவந்தன. குற்றம் மருந்தில் இல்லை. அதனைக் கையாண்ட முறையில் இருந்தது. இதனை உணர்ந்த அறிஞர் பலர் அவருக்காக வாதாடினர். 1907ஆம் ஆண்டில் அவர் பழி நீங்கியது.

இந்நிகழ்ச்சி இரண்டு பாடங்களைக் கற்பிக்கின்றது. தவறு நேர்ந்தால் அதனை மறைத்தல் கூடாது. எங்கே, எவ்வாறு நேர்ந்தது என்பதை விரைந்து ஆராய்ந்து மக்களிடம் வெளிப்படக் கூறுதல் வேண்டும் என்பது ஒன்று. காரணத்தைத் தேடுவோர் ஒப்புநோக்கிப் பார்த்தல் வேண்டும் என்பது மற்றொன்று. ஐந்து புட்டிகளையும் ஒப்பிட்டதாலன்றோ உண்மை புலனாயிற்று?

ஒப்புநோக்காமல் காரணம் கற்பித்தலைத் தமிழ்மக்கள் ‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை’ என்பர். 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில், தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் எதிரான தடுப்பூசி, ஒன்பது மாதம் முதல் பதினைந்து அகவைக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தமிழ்நாடெங்கும் போடப்பெற்றது. தட்டம்மை குழந்தைகளின் உயிரைக் குடிக்க வல்லது. ரூபெல்லாவோ கருவுற்ற தாயைப் பற்றினால் கருவிலுள்ள குழவியின் கண்ணையும் செவியையும் இதயத்தையும் கெடுக்க வல்லது. எனினும், ஊசியால் தீங்கு விளையும் என்னும் வதந்தி கைப்பேசி வழியே காட்டுத்தீயெனப் பரவியது. பெற்றோர் பலர் தயங்கினர். பிப்ரவரியோடு முடியவேண்டிய அப்பணியை மார்ச்சு மாதத்திலும் நீட்டிக்க நேர்ந்தது.

ஒரே மாதத்தில் இலட்சக்கணக்கான குழந்தைகளுக்கு ஊசி போடும்போது, அம்மாதத்தில் இயல்பாகவே நோயுறும் குழந்தைகளும் அவர்களுள் இருப்பர். ஊசிக்குப் பின் வந்ததெல்லாம் ஊசியால் வந்ததாகாது. ஊசி போட்டுக்கொண்டோரிடத்தும் போட்டுக்கொள்ளாதோரிடத்தும் அந்நோய் எவ்வளவு காணப்படுகிறது என்று ஒப்பிட்டால்தான் உண்மை விளங்கும். இதனை அச்சமுற்ற தாய்க்கு விளக்குவது எவ்வாறு?

கோவையிலிருந்து அவிநாசிக்குச் செல்லும் பெருவழியில் கருமத்தம்பட்டி என்னும் ஊர் உள்ளது. தோட்டங்களும் விசைத்தறிக் கூடங்களும் சூழ்ந்த ஊர் அது. அத்தகைய ஓர் ஊரில், பேரனுக்கு ஊசி போட வந்த செவிலியைப் பார்த்து ஒரு மூதாட்டி, “காய்ச்சலைத் தடுக்க வந்த ஊசியே காய்ச்சலைக் கொடுக்கிறதே, அம்மணி! இது என்ன நியாயம்?” என்று கேட்பதாகக் கொள்வோம். “அதெல்லாம் உங்களுக்குத் தெரியாது, பாட்டி” என்று செவிலி கூறினால் கதவு அடைபடும். “காளைக்கன்றை ஏருக்குப் பழக்கும்போது இரண்டு நாள் முரண்டு பிடிக்குமே, ஆத்தா! அதுபோல உடம்பும் நோயை எதிர்க்கப் பழகும்போது சற்றே காய்ச்சல் காணும். இரண்டு நாளில் தணியும், தணியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், நானே வருகிறேன்” என்று கூறினால் கதவு திறந்தே இருக்கும். அவ்விடையில் உண்மை மறைக்கப்படவில்லை. காய்ச்சல் வரும் என்று முன்னரே கூறப்பட்டது. கேட்டவர் வாழ்விலிருந்தே உவமை எடுக்கப்பட்டது. எல்லாவற்றினும் மேலாக, ‘நானே வருகிறேன்’ என்னும் பொறுப்பு ஏற்கப்பட்டது.

சொல்லினும் செயல் வலியது. கோவை வேளாண்மைக் கல்லூரியில் பயின்ற எம். எஸ். சுவாமிநாதன், 1960களில் புதிய கோதுமை வகைகளைத் தில்லிக்கு அருகிலுள்ள உழவரிடம் கொண்டு சென்றபோது, அவற்றின் விளைச்சலை அவர்தம் வயல்களிலேயே பயிரிட்டுக் காட்ட விரும்பினார். அவ்வயல்களும் சிறு உழவருடையனவாக இருத்தல் வேண்டும் என்றார். செல்வர் வயலில் நன்கு விளைந்தால், ‘அது பணத்தின் விளைச்சல்’ என்று ஊரார் கூறிவிடுவர் அன்றோ? ஏழை உழவரின் வயலில் விளைந்ததைக் கண்டபின், எவரும் வற்புறுத்தாமலே அயலார் விதை கேட்டு வந்தனர். ஒரு பாத்தியில் விதைத்துப் பார்க்கும் உழவரின் ஐயத்தை அவர் பகையாகக் கருதவில்லை. அதனையே தம் துணையாக்கிக் கொண்டார்.

அறிவியலின் மொழிக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘இதுவரை கிடைத்த சான்றுகளின்படி’ என்று அளந்து பேசுவது அறிஞர் இயல்பு. ‘ஐயமே இல்லை’ என்று முழங்குவது வதந்தியின் இயல்பு. கேட்போருக்கு முழக்கமே உறுதியாகத் தோன்றும். புதிய சான்று கிடைத்தால் கருத்தை மாற்றிக்கொள்ளுதல் அறிவியலின் தளர்ச்சியன்று; அதுவே அதன் நேர்மை. இதனை மக்களுக்கு உணர்த்துதலும் அறிவியலைப் பரப்புவோர் கடமையாகும்.

பொறுமையுடன் ஆற்றிய பணி வீண்போவதில்லை. நூற்றாண்டுக்கணக்கில் நம் மக்களைக் கொன்றும் கண்ணைக் கெடுத்தும் வந்த பெரியம்மை 1975ஆம் ஆண்டோடு இந்தியாவை விட்டு அகன்றது. 1980ஆம் ஆண்டில் உலகினின்றே ஒழிந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. வெயிலில் ஊர் ஊராய் நடந்து, வீட்டு வாயில்தோறும் நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் விடை கூறிய எண்ணற்ற பணியாளர் அவ்வெற்றிக்கு உரியவர். அவர்கள் மாரியம்மனை வணங்குவோரிடம் வணக்கத்தை விடுமாறு கேட்கவில்லை. கையை நீட்டுமாறு மட்டுமே கேட்டனர்.

இன்று செய்தியை முதலில் படிப்பவர் பல இல்லங்களில் பள்ளி மாணவரே. பாட்டி கேட்கும் கேள்விக்கு விடை கூறும் வாய்ப்பும் அவர்களுக்கே முதலில் வாய்க்கிறது. அக்கேள்வியை நகையாமல் கேட்டு, அறிந்ததை எளிய சொல்லால் விளக்கி, அறியாததை அறியேன் என்று ஒப்பி, அறிந்தவரிடம் கேட்டு வந்து கூறுவராயின், அவர்களே அறிவியலின் மெய்யான தூதராவர். ஐயத்தை இகழ்வதால் அறிவு வளராது. ஐயத்திற்கு விடை கூறுவதாலேயே அது வளரும்.