துணைக்கோள்களைக் கொண்டு இருப்பிடம் அறியும் முறை

நிலத்தில் ஓர் எல்லைக்கல் காணாமற்போனால், நிலைத்திருக்கும் மற்றக் கற்களிலிருந்து சங்கிலி பிடித்து அதன் ஸ்தானத்தைக் கண்டுகொள்ளலாம். ஒரு கல்லிலிருந்து உள்ள தூரம் மாத்திரம் தெரிந்தால், அது ஒரு வட்டத்தின்மேல் எங்கும் இருக்கக்கூடும். இரண்டாவது கல்லின் தூரமும் தெரிந்தால் இரண்டு இடங்களே மிஞ்சும். மூன்றாவது கல் அவற்றுள் எது சரியென்று காட்டிவிடும். கைத்தொலைபேசி இருப்பிடம் காட்டுவதும் இம்முறையைச் சார்ந்ததே. அதற்குக் கற்களாக உதவுபவை ஆகாயத்தில் சுற்றிவரும் துணைக்கோள்கள்.

அமெரிக்க தேசத்தார் 1995-ம் வருஷத்தில் பூரணமாக நடைமுறைக்குக் கொண்டுவந்த ஜி.பி.எஸ். என்னும் ஏற்பாட்டின் துணைக்கோள்கள் பூமிக்குமேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும், செய்தி புறப்படும் நேரத்தையும் ரேடியோ அலைமூலம் இடைவிடாமல் அறிவிக்கிறது. அலை வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகையால் அலை புறப்பட்ட நேரத்திற்கும் வந்து சேர்ந்த நேரத்திற்கும் உள்ள வித்தியாசமே இங்குச் சங்கிலியாகிறது.

வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் பிசகும். துணைக்கோளில் அணுக்கடிகாரம் உண்டு. கைக்கருவியிலோ சாதாரணக் கடிகாரமே உண்டு. இடத்தை நிர்ணயிக்க மூன்று துணைக்கோள்கள் போதுமாயினும், கைக்கருவியின் கடிகாரப் பிசகையும் கண்டு நீக்குவதற்கு நான்காவது ஒன்று அவசியமாகிறது.

இவ்வளவு செய்தும் பிசகு முற்றும் நீங்குவதில்லை. வாயுமண்டலத்தைக் கடக்கையில் அலை தாமதப்படுகிறது. கட்டடங்களில் மோதித் திரும்புகிறது. அடர்ந்த தோப்புகளில் வலுக் குன்றுகிறது. வெட்டவெளியிலும் கைத்தொலைபேசி சுமார் 5 மீட்டர் தவறிக் காட்டக்கூடும். 100 மீட்டர் நீளமுள்ள வரப்பு ஒரே பக்கமாக 5 மீட்டர் நகர்ந்தால், 500 சதுர மீட்டர், அதாவது 12 சென்டுக்கு மேற்பட்ட நிலம், அண்டை நிலத்தாருக்குப் போய்விடும். அதனால் விளையும் வியாஜ்யம் நிலத்தின் விலையையே விழுங்கிவிடலாம்.

இதற்குப் பரிகாரம் உண்டு. இருப்பிடம் திட்டமாகத் தெரிந்த ஓரிடத்தில் நிலையான கருவியொன்றை வைத்தால், அங்குத் தோன்றும் பிசகு அருகிலுள்ள வயல்களிலும் ஏறக்குறைய அவ்வாறே இருக்கும். அதைக் கழித்து, அலையையும் நுட்பமாக அளக்கும் கருவியைக் கையாண்டால், சில சென்டிமீட்டர் அளவுக்குச் சரியான இடம் கிடைக்கும். இந்திய நில அளவைத் துறையார் இத்தகைய நிலையங்களை அமைத்துள்ளனர்.

ஆகவே, கிணறு, வாய்க்கால், சேதமடைந்த பயிர் ஆகியவற்றின் இடத்தைக் குறித்துக்கொள்ளக் கைத்தொலைபேசி போதுமானது. எல்லைக்கல் நடுவதற்கு அது ஆதாரமாகாது. நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் எல்லைத் தகராறுகளில் புல வரைபடத்தையும் நில அளவரின் அளவையையுமே நம்புதல் வேண்டும்.