ஹிட்லரை ஏமாற்றிய பிணம்!

1943-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி. ஸ்பெயின் நாட்டில், உவெல்வா ஊருக்கு அருகே கடலில் ஒரு பிணம் மிதந்தது. மீனவர் ஒருவர் அதைக் கரை சேர்த்தார்.

உடம்பில் பிரிட்டிஷ் ராணுவ உடை. இடுப்பில் சங்கிலி. அதில் ஒரு தோல் பெட்டி. பெட்டிக்குள் தளபதிகளின் ரகசியக் கடிதங்கள்!

இறந்தவர் பெயர் மேஜர் வில்லியம் மார்ட்டின் என்று அடையாளச் சீட்டு சொன்னது. விமானம் கடலில் விழுந்து இறந்திருப்பார் என்று நினைத்தார்கள்.

உண்மையில், அப்படி ஒரு மேஜர் பிறக்கவே இல்லை!

ஏன் இந்த நாடகம்?

அது இரண்டாம் உலகப்போர் காலம். பிரிட்டிஷ், அமெரிக்கப் படைகள் அடுத்து சிசிலித் தீவில் இறங்கத் திட்டமிட்டிருந்தன. ஹிட்லர் அங்கே படைகளைக் குவித்துவிட்டால், கரையிலேயே ஆயிரக்கணக்கானோர் மடிவார்கள்.

ஆகவே, கிரீசிலும் சார்டினியாவிலும் தாக்குதல் நடக்கும் என்று நம்ப வைக்க முடிவு செய்தார்கள். உளவு அதிகாரிகள் மாண்டேகு, சம்லி இருவரும் இந்த உபாயத்தை நடத்தினார்கள்.

பையில் காதல் கடிதம்

எதிரி எளிதில் நம்புவானா? பிணத்தின் பையில் ஒரு பெண்ணின் படம், காதல் கடிதங்கள், மோதிரம் வாங்கிய ரசீது, கடனைக் கட்டச் சொல்லி பாங்கி எழுதிய கடிதம் எல்லாம் வைத்தார்கள். கடனும் காதலும் உள்ள மனிதனை யார் சந்தேகிப்பார்கள்?

பிறகு, 'செராப்' என்ற நீர்மூழ்கிக் கப்பலில் கொண்டு போய்க் கடலில் விட்டார்கள்.

ஸ்பெயின் அதிகாரிகள் கடிதங்களை ஜெர்மானியருக்குக் காட்டிவிட்டு, பிரிக்காதது போலத் திருப்பிக் கொடுத்தார்கள். லண்டனில் சோதித்தபோது குட்டு தெரிந்தது. எதிரி படித்துவிட்டான்!

ஹிட்லர் பிரான்சில் இருந்த ஒரு டாங்கிப் படையைக் கிரீசுக்கு அனுப்பினார். ஜூலை 10-ந் தேதி சிசிலியில் நேச நாட்டுப் படைகள் இறங்கின. அங்கும் சண்டை நடந்தது, உயிர்கள் போயின. ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. 38 நாட்களில் தீவு வீழ்ந்தது.

யார் அவர்?

அவர் கிளின்டூர் மைக்கேல். வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த ஏழை. வயது 34. தாயும் தந்தையும் இறந்துவிட்டார்கள். வீடு வாசல் இல்லாமல் லண்டனில் திரிந்தார். எலி விஷம் தின்று இறந்தார்.

உயிரோடு இருந்தபோது அவருக்கு ஒரு வேளைச் சோறு போட ஆள் இல்லை. இறந்த பிறகு ராணுவ மரியாதை கிடைத்தது. அதுவும் வேறொருவர் பெயரில்!

உவெல்வாவில் உள்ள கல்லறையில் 50 ஆண்டுகளுக்கு மேல் மார்ட்டின் பெயர் மட்டுமே இருந்தது. 1990-களின் பிற்பகுதியில்தான் அவருடைய சொந்தப் பெயரையும் அதில் பொறித்தார்கள்.