பழைய பைக்கை மீட்டெடுங்கள்; உருமாற்றாதீர்கள்

1955-ல் உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் தயாரித்த புல்லட், மைசூரில் 1961 முதல் 1996 வரை உற்பத்தியான ஜாவாவும் யெஸ்டியும், எஸ்கார்ட்ஸ் 1983-ல் சந்தைக்குக் கொண்டுவந்த ராஜ்தூத் 350, 1985-ல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகியவற்றுக்கு இன்றும் இளைஞர்களிடையே மவுசு குறையவில்லை. தாத்தாவோ பெரியப்பாவோ ஓட்டிவிட்டு ஓரங்கட்டிய வண்டியை வீட்டிலேயே பிரித்து, கழுவி, பூட்டி, மறுபடி ஓட வைக்கும் ஆர்வம் ஊர்தோறும் பரவியிருக்கிறது. இது பாராட்ட வேண்டிய ஆர்வம். கைத்தொழிலைக் கற்றுத்தருகிறது; பழையதைத் தூக்கி எறியும் பழக்கத்துக்கு மாற்றாகவும் இருக்கிறது. ஆனால், இதற்குள் இரண்டு வேறு வேலைகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒன்று, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு வண்டியைத் திரும்பக் கொண்டுவருவது. இன்னொன்று, அதை வெட்டி ஒட்டி வேறொரு வண்டியாக ஆக்குவது. முதல் வேலைக்குச் சட்டத்தில் இடம் உண்டு. இரண்டாவது வேலை உரிமையாளரை வழக்கிலும், கடனிலும், சில நேரம் உயிராபத்திலும் கொண்டுபோய் நிறுத்துகிறது. இந்த வேறுபாட்டை ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பே புரிந்துகொள்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் (ஆர்.சி.) உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பை மாற்ற முடியாது, ஆர்.சி.யில் உள்ள மற்ற விவரங்களை விதிப்படி மாற்றிப் பதிந்துகொள்ளலாம் என்பதே தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க அது வழிசெய்கிறது. எது பழுதுபார்ப்பு, எது மாற்றம் என்பதை ஓர் எஞ்சினை வைத்தே புரிந்துகொள்ளலாம். தேய்ந்த சிலிண்டருக்கு போர் போட்டு, நிறுவனம் அனுமதித்த அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனை ஏற்றுவது பழுதுபார்ப்பு. 350 சி.சி. எஞ்சினில் வேறு சிலிண்டரும் பெரிய பிஸ்டனும் ஏற்றி அதன் திறனைக் கூட்டுவது மாற்றம். எஞ்சினையே வேறொன்றாக மாற்றினால், அது அதே தயாரிப்பு, அதே வகை என்றாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் (ஆர்.டி.ஓ.) ஒப்புதல் வேண்டும். பெயிண்ட் நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். சேஸிஸின் பின்பகுதியை வெட்டி ஒற்றை சீட் போட்டால் இருக்கை எண்ணிக்கை, சேஸிஸ், வண்டியின் எடை மூன்றும் ஆர்.சி.யோடு ஒத்துவராது.

‘விண்டேஜ் வண்டிக்குத் தனிச் சலுகை இருக்கிறதே’ என்று பலர் நம்புகிறார்கள். சலுகை இருப்பது உண்மை. அது யாருக்கு என்பதில்தான் குழப்பம். மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளே விண்டேஜ். 1960-களின் ஜாவா இதற்குள் வரலாம். ஆர்.எக்ஸ். 100-ம் ராஜ்தூத் 350-ம் எவ்வளவு பழையதாகத் தோன்றினாலும் சட்டத்தின் கண்ணில் இன்னும் சாதாரண வண்டிகளே. வயது மட்டும் போதாது. வண்டி மூல வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால், விண்டேஜாகப் பதிந்த வண்டியில் தினமும் வேலைக்குப் போக முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: உருமாற்றியவர் இந்தப் பதிவுக்கான தகுதியையே இழக்கிறார். பிரிட்டனிலும் 40 ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு கிடைக்க, முந்தைய 30 ஆண்டுகளில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. இங்கும் அங்கும் பழமைக்குக் கிடைக்கும் மரியாதை மூல வடிவத்துக்கே.

முதலில் காகிதம், பிறகு ஸ்பேனர்

வண்டியை வாங்கும்போது பெரும்பாலோர் எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்களே தவிர, ஆர்.சி. புக்கைத் திறந்து படிப்பதில்லை. பெரும்பாலான பைக்குகளில் சேஸிஸ் எண் ஹேண்டில்பாருக்குக் கீழே, கழுத்துக் குழாயில் அடிக்கப்பட்டிருக்கும். அங்குள்ள அழுக்கைத் துணியால் துடைத்து, மேலே வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்து மெல்ல உரசினால் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தாளில் எழும். அந்த எண்ணும் எஞ்சின் கேஸில் உள்ள எண்ணும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். உரசியதுபோல, மறுபடி அடித்ததுபோலத் தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வண்டி திருட்டுப் பட்டியலில் உள்ளதா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் பார்த்துக்கொள்ளலாம். எண்கள் சரியாக இருந்தாலும் அவற்றைக் காப்பாற்றும் பொறுப்பு உங்களுடையது. சேஸிஸைப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கும் முன் எண் உள்ள இடத்தை டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். தடித்த கோட்டிங்கில் எண் மூழ்கிவிட்டால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அது உங்கள் வண்டிதான் என்று நிரூபிப்பதே பெரும்பாடு.

பெயர் மாற்றமும் அதே அளவு முக்கியம். படிவம் 29, 30 இரண்டையும் கொடுத்து, வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உரிமையாளர் இறந்துபோயிருந்தால் வாரிசு படிவம் 31 மூலம் மாற்றிக்கொள்ளலாம். வெளி மாநில வண்டிக்கு அங்குள்ள அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். ஆர்.சி. 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பல ஆண்டுகள் புதுப்பிக்காமல் கிடந்த வண்டிக்குப் பசுமை வரி, புதுப்பிப்புக் கட்டணம், தாமதக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு விலை பேசுங்கள். விற்பவருக்கும் இதில் எச்சரிக்கை தேவை. பெயர் மாறாமல் கைமாறிய வண்டி விபத்துக்குள்ளானால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

‘என் வண்டி, என் இஷ்டம்’ என்பவர்களுக்கு

என் காசில் வாங்கிய வண்டியை என் விருப்பப்படி மாற்ற எனக்கு உரிமை இல்லையா என்ற கேள்வி நியாயமாகவே எழும். காம்பவுண்டுச் சுவருக்குள் நிற்கும்வரை அது உங்கள் பொருள் மட்டுமே. பொதுச் சாலைக்கு வந்ததும், பின்னால் உட்காருபவரும் எதிரே நடந்துவருபவரும் அதன் பிரேக்கை நம்பியே இருக்கிறார்கள். ‘எல்லோரும்தான் செய்கிறார்கள், யாரும் பிடிப்பதில்லை’ என்பது அடுத்த வாதம். போலீஸ் அபராதம் இதில் மிகச் சிறிய ஆபத்து. உண்மையான கணக்கு விபத்து நடந்த அன்றுதான் தொடங்குகிறது. அறிவிக்காத மாற்றம், உங்கள் வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையை மறுக்கவோ குறைக்கவோ காப்பீட்டு நிறுவனத்துக்குக் காரணமாகிறது. பாலிசி நிபந்தனை மீறப்பட்டதாக நிரூபணமானால், பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு உங்களிடம் வசூலித்துக்கொள்ள விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். அந்தத் தொகை பல லட்சமாக இருக்கலாம்.

‘பாதுகாப்புக்காகத்தானே மாற்றுகிறோம், டிரம் பிரேக்கைவிட டிஸ்க் நல்லதுதானே’ என்ற வாதம் மற்றவற்றைவிட வலுவானது. டிஸ்க் பிரேக் சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், டிரம்முக்காக வடிவமைத்த ஃபோர்க்கில் லேத் பட்டறையில் செய்த பிராக்கெட்டைப் பற்றவைத்து காலிப்பரை மாட்டினால், முழு பிரேக் விசையும் ஒரு பக்கக் காலில் ஏறுகிறது. அந்த வெல்டிங் எத்தனை பிரேக்கிங் தாங்கும் என்று யாரும் சோதித்துச் சொல்வதில்லை. டிரம்மை வட்டம் பார்த்துக் கடைந்து, தரமான ஷூ மாட்டி, புது கேபிள் போட்டாலே பழைய வண்டி நம்பிக்கையோடு நிற்கும். ‘ஒரிஜினல் பாகம் கிடைப்பதில்லை’ என்பவர்களுக்கும் வழி உண்டு. அதே அளவும் அதே வேலையும் கொண்ட பேரிங், கேபிள், டயர், புஷ் போன்றவற்றைப் புதிதாகப் போடுவது மாற்றம் ஆகாது. சென்னை புதுப்பேட்டையில் தேடி வாங்கினாலும், வேறெங்கு வாங்கினாலும் ரசீது கேளுங்கள். புகை விஷயத்திலும் சட்டம் பழைய வண்டிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை அனுமதி. அதற்குப் பிறகு வந்தவற்றுக்கு வரம்பு இதைவிடக் குறைவு. கார்புரேட்டர் சரியாக ட்யூன் செய்யப்பட்ட பழைய எஞ்சின் இந்தச் சோதனையில் தேறிவிடும். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டுபவருக்கு இந்தச் சலுகை எதுவும் உதவாது. ஒலி, புகை அளவை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமும், 3 மாதத்துக்கு ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் வரலாம்.

வீட்டுப் பட்டறையின் ஆபத்துகள்

சட்டத்தைவிட வேகமாகத் தண்டிப்பவை பொருள்கள். பெட்ரோல் டேங்கை வடித்துக் கவிழ்த்துவிட்டால் காலியாகிவிட்டதாக நினைத்து வெல்டிங் வைப்பது கொடிய தவறு. டேங்கின் மடிப்பு ஓரங்களிலும் துருவுக்கு அடியிலும் தேங்கிய பெட்ரோல், சூடு பட்டதும் ஆவியாகும். நிறைந்த டேங்கைவிட ஆவி நிரம்பிய காலி டேங்கே வெடிக்கும். இதை அனுபவமுள்ள பட்டறையிடம் விட்டுவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு படர்ந்து போகும். கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவும் இடத்துக்குப் பக்கத்து அறையில் அடுப்போ சுவாமி விளக்கோ எரிந்தாலும் தீ பிடிக்கலாம். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். டிரம்மில் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதே நல்லது. பாலியூரித்தேன் (பி.யு.) பெயிண்டின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நிரந்தர ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி மாஸ்க் இதைத் தடுக்காது. அழகுக்காகச் சாரி கார்டைக் கழற்றுவது இன்னொரு ஆபத்து. பின்சக்கரத்தில் பாதியளவாவது மறைக்கும் தடுப்பு, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம் எல்லாம் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-வது விதி சொல்கிறது. புடவைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்குவதைத் தடுக்கவே இந்த விதி.

பிரச்சினை வந்தால் எங்கே போவது?

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய முடியாது. லேத், பெயிண்டிங், எஞ்சின் வேலைக்கு வெளியே கொடுத்தால், என்ன வேலை, என்ன பாகம், என்ன தொகை என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். வேலை மோசமாக இருந்தாலோ பாகம் போலியாக இருந்தாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதில் தீராவிட்டால், 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆர்.டி.ஓ. அலுவலகம் புதுப்பிப்பையோ பெயர் மாற்றத்தையோ மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 57-வது பிரிவின்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை மறுத்தாலோ, எழுதிக் கொடுத்து ஒரு மாதமாகியும் பதில் தராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓர் ஆண்டுக்குள் செல்லலாம். இவை எல்லாமே ரசீதும் எழுத்தும் கையில் இருந்தால்தான் நடக்கும்.

அரசுக்கும் இதில் கடமை உண்டு. 50 ஆண்டை எட்டாத, ஆனால் 30, 40 ஆண்டு கடந்த வண்டிகளை வைத்திருப்போருக்கு எது பழுதுபார்ப்பு, எது மாற்றம் என்று விளக்கும் தெளிவான தமிழ் வழிகாட்டி ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இருக்க வேண்டும். பாதுகாப்பைக் கூட்டும் மாற்றங்களைப் பொறியாளர் சோதித்துச் சான்றளித்தால் ஏற்கும் முறையையும் கொண்டுவர வேண்டும். அது வரும்வரை, வண்டியைப் பிரிக்கும் முன் அதன் ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றிப் புதுப்பிக்க ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் ரசீது வைத்துக்கொள்ளுங்கள். சேஸிஸில் வெட்டும் வெல்டிங்கும் வேண்டாம். காப்பீடும் புகைச் சான்றும் கைக்கு வந்த பிறகே வண்டியைச் சாலைக்கு எடுங்கள்.